35-க்கு மேல ஸ்டிட்ச் பாலைத் தொடக்கூடாதாம்ல!

ஓப்பனிங்_பௌலர்_86 | ஞாயிறு இரவு 9:12
நேத்து இங்க ஒரு மகான் அறிவுரை போட்டிருந்தார். விஷயம் இதுதான்: "35 தாண்டிட்டா, அதுவும் ஒரு தடவை அடிபட்ட உடம்புன்னா, ஸ்டிட்ச் பால், அதான் தையல் போட்ட தோல் பந்து, அது பக்கமே போகாதீங்க. ஆசை அடங்கலைன்னா டென்னிஸ் பால்ல ஆடுங்க. 58 கிராம்தான், உடம்புக்கு ஒண்ணும் ஆகாது." அதுக்கு வரிசையா கைத்தட்டல் வேற.

எனக்கு 38. 2022-ல வலது முட்டியில ஏசிஎல், அதாவது முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சு வெச்சிருக்கற நார், கிழிஞ்சு ஆபரேஷன். பின்தொடையிலேர்ந்து தசைநார் எடுத்து முட்டிக்குள்ள வெச்சாங்க. 13 மாசம் கழிச்சுத்தான் திரும்ப பிட்ச்ல விரிக்கற மேட்ல கால் வெச்சேன். முட்டி எங்க கிழிஞ்சதுன்னு கேளுங்க. ஸ்டிட்ச் பால்ல இல்ல. ராத்திரி பத்து மணிக்கு சுத்தி வலை கட்டி ஆடற பாக்ஸ் கிரிக்கெட்ல, பச்சை கார்ப்பெட் மேல, இதே 58 கிராம் பந்தைத் துரத்திட்டுப் போய்த் திரும்பினப்போ. கால் அங்கயே நின்னுடுச்சு, நான் மட்டும் திரும்பிட்டேன்.

தோள் இன்னொரு கதை. லேசான பந்தை பவுண்டரிலேர்ந்து எறியணும்னா கையை என்ன வேகத்துல வீசணும்? பந்து போயிடும். வீசின கையைப் பிடிச்சு நிறுத்தற வேலை தோளுக்கு. ஸ்டிட்ச் பால் 160 கிராம், அது தன் கனத்துலயே போய்ச் சேரும். 15 வருஷம் டென்னிஸ் பால் எறிஞ்சவன் எவனையாவது கூப்பிட்டு, கையைத் தூக்கி பனியன் போடச் சொல்லுங்க. முகத்தைப் பாருங்க.

கோவை_கீப்பர் | 9:31
அண்ணா, அந்த மகான் நாந்தானுங்க. பேரைச் சொல்லியே திட்டலாம், கூச்சப்படாதீங்க.

58 கிராம் பந்து எறிஞ்சு தோளு போகுதுன்னா எலுமிச்சம்பழம் எறிஞ்சாலும் போகோணும். திருஷ்டி சுத்திப் போடற ஆத்தாமாரு எல்லாம் எலும்பு டாக்டர் வாசல்ல வரிசைல நிக்கோணும். 160 கிராம் பந்து விரல் நுனில பட்டா என்ன ஆகும்னு என்ற இடது மோதிர விரலைக் கேளுங்க. ரெண்டு வருசமா கல்யாண மோதிரம் சாமி ரூம்ல இருக்குது.

ஓப்பனிங்_பௌலர்_86 | 9:34
எலுமிச்சம்பழத்தை அறுபது மீட்டர் தள்ளி நின்னு ஸ்டம்புக்கு எறிஞ்சு பாருங்க தம்பி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அப்புறம் பேசலாம்.

மடிப்பாக்கம்_மிடில்ஆர்டர் | 9:40
ஒரு சின்ன சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் எந்த டென்னிஸ் பாலைச் சொல்றீங்க? மொட்டை மாடில ஆடற சாஃப்ட்டா, டோர்னமெண்ட்ல வர்ற ஹெவியா? ஹெவி 58 கிராம் கிடையாதே.

ஓப்பனிங்_பௌலர்_86 | 9:42
58 கிராம்னு சொன்னது நான் இல்ல, அவர்.

கோவை_கீப்பர் | 9:43
58 கிராம்தானுங்க. கூகுள் பண்ணிக்கோங்க.

பெஞ்ச்_பிளேயர் | 9:50
டென்னிஸ் எல்போன்னு வியாதிக்கே பேரு வெச்சிருக்காங்களே, அது டென்னிஸ் பால்ல வர்றதுதானே? அப்போ 86 அண்ணன் பக்கம்தான் நியாயம்.

ஓப்பனிங்_பௌலர்_86 | 9:52
ராசா, நீ என் பக்கம் பேசாம இருக்கறதே எனக்குப் பெரிய உதவி. 2004-ல சச்சினுக்கு டென்னிஸ் எல்போ வந்தது. அவர் விம்பிள்டன்லயா ஆடிட்டு இருந்தார்? அது முழங்கை. நான் பேசறது தோள்.

சேப்பாக்கம்_சித்தப்பா | 10:05
தம்பிகளா, நான் 47. எதுக்கு இந்தச் சண்டை? வருண் சக்கரவர்த்தியைப் பாருங்க. ஆர்க்கிடெக்ட் வேலைக்குப் போனவர், திரும்ப வந்து மீடியம் பேஸ் போட்டார், முட்டில அடிபட்டுது. விட்டுட்டாரா? ஸ்பின்னுக்கு மாறினார். 2025 பிப்ரவரில கட்டாக்ல ஒன் டே டெபுட், வயசு 33. அடுத்த மாசமே சாம்பியன்ஸ் டிராஃபில நியூசிலாந்துக்கு எதிரா அஞ்சு விக்கெட். அடிபட்டா ரன்-அப்பைக் குறைச்சுக்கோங்க, பந்தைச் சுத்துங்க. பிரவீன் தாம்பே 41 வயசுல ஐபிஎல்-க்கு வந்தார். முதல் தர ஆட்டம் ஒண்ணு கூட அதுக்கு முன்னாடி ஆடினதில்ல.

கோவை_கீப்பர் | 10:11
அதைத்தானுங்க நானும் சொல்றேன். வருணுக்கு முட்டி போனது கிளப்ல ஸ்டிட்ச் பால் ஆடறப்ப. அது ஆறுறப்ப டென்னிஸ் பால்லதான் அத்தனை வேரியேஷனும் பழகினாரு. 58 கிராம் காப்பாத்துச்சுங்களா இல்லீங்களா?

ஓப்பனிங்_பௌலர்_86 | 10:15
முட்டிய விடுங்க. நான் தோளைப் பத்திக் கேட்டேன். ஸ்பின்னர் எதுக்கு பவுண்டரிலேர்ந்து எறியப்போறான்?

கோவை_கீப்பர் | 10:16
முதல் பதிவுலயே முட்டிக் கதைய ஆரம்பிச்சது ஆருங்க?

ஓப்பனிங்_பௌலர்_86 | 10:24
முட்டிக் கதை அனுபவம். தோள்தான் வாதம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம மூணு வருஷமா இங்க அட்வைஸ் வியாபாரம் பண்றீங்க.

அப்புறம் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. நீங்க கடைசியா ஒரு ஓவராவது பந்து போட்டது எப்போ? கீப்பருக்கு எறியற வேலையே கிடையாது. பத்தடி தள்ளி இருக்கற பௌலருக்கு அண்டர்ஆர்ம்ல தட்டி விடறவர், தோளைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறார். தோனி 2023 ஐபிஎல் ஃபைனல் முடிஞ்ச கையோட முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அடுத்த சீசன் 42 வயசுல கீப் பண்ணார். எந்தப் பந்துல?

கோவை_கீப்பர் | 10:29
தோனிக்கு பின்னாடியே பிசியோ, ஐஸ் பாத், மசாஜ் எல்லாம் வருதுங்க. நமக்கு பின்னாடி ஆரு வர்றா? வூட்டுக்காரம்மா, தைலத்தோட. அதுவும் முதல் நாள் மட்டும்.

டொரன்டோ_மென்பந்து | 10:41
வணக்கம். எங்கட யாழ்ப்பாணத்தில மென்பந்து (உங்கட டென்னிஸ் பால்), கடினப்பந்து (உங்கட ஸ்டிட்ச் பால்) எண்டு ரெண்டும் ரெண்டு விளையாட்டு. ஒருத்தரும் ஒண்டை மற்றதோட வைச்சுப் பார்க்கிறேல்ல. எனக்கு 41. இஞ்ச கோடையில நாலு, அஞ்சு மாதம்தான் விளையாடலாம். மிச்சம் முழுக்க ஸ்னோ அள்ளி நாரி (இடுப்பு) விட்டிடும். பந்தில பிழை இல்லை. ஏழு மாதம் சோபாவில இருந்திட்டு முதல் கிழமையே இருபது வயசுப் பெடியன் மாதிரி ஓடுறம் பாருங்கோ, அதிலதான் பிழை.

ஓப்பனிங்_பௌலர்_86 | 10:43
அண்ணே, தோள் எப்படி இருக்கு?

டொரன்டோ_மென்பந்து | 10:44
தோள் நல்ல சுகம்.

கோவை_கீப்பர் | 10:44
பாத்தீங்களா!

ஓப்பனிங்_பௌலர்_86 | 10:45
அவர் எந்தப் பந்துல ஆடறார்னு கேளுங்க முதல்ல.

டொரன்டோ_மென்பந்து | 10:47
இப்ப கடினப்பந்துதான்.

ஓப்பனிங்_பௌலர்_86 | 10:47
கேஸ் முடிஞ்சுது.

கோவை_கீப்பர் | 10:48
பேரே மென்பந்துங்க அவருக்கு!

வடபழனி_பிசியோ | 10:58
பிசியோவா வேலை பாக்கறேன், அதனால ரெண்டு வரி. ஏசிஎல் ஆபரேஷன் ஆனவங்க 9 மாசத்துக்கு முன்னாடி ஆட இறங்கினா திரும்பக் கிழியற ஆபத்து நிறைய. 86 பொறுத்தது நல்லது. என்கிட்ட வர்ற முப்பது ப்ளஸ் ஆளுங்கள்ல முக்கால்வாசி ஒரே கதை: திங்கள்லேர்ந்து வெள்ளி நாற்காலி, ஞாயிறு காலைல ஆறு மணிக்கு பைக்கை நிறுத்திட்டு நேரா ஃபீல்டிங், முதல் ஓவர்லயே ஒரு குயிக் சிங்கிள், பின்தொடை பிடிச்சுக்கும். பத்து நிமிஷம் மெதுவா ஓடுங்க. யாராவது கணுக்காலைப் பிடிச்சுக்க, மண்டி போட்டபடி உடம்பை மெதுவா முன்னாடி சாய்க்கிற நார்டிக் பயிற்சிய வாரம் ரெண்டு நாள் பண்ணுங்க. பாதிப் பேர் என்கிட்ட வரவே வேண்டியிருக்காது.

ஓப்பனிங்_பௌலர்_86 | 11:01
நன்றி டாக்டர். 58 கிராம் தோளுக்கு ஆபத்தா இல்லையா? ஒரே வார்த்தைல.

வடபழனி_பிசியோ | 11:04
ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க. பந்தோட எடையை விட, ஒரு நாள்ல எத்தனை தடவை எறியறீங்க, அதுக்குத் தோள் பழகியிருக்கா, எப்படி எறியறீங்க, இதெல்லாம்தான்.

ஓப்பனிங்_பௌலர்_86 | 11:05
"எத்தனை தடவை." டென்னிஸ் பால் மேட்ச்ல ஒரே நாள்ல மூணு ஆட்டம். நான் சொன்னதையே டாக்டர் சொல்லிட்டார்.

கோவை_கீப்பர் | 11:06
"பந்தோட எடையை விட." எடை முக்கியமில்லைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு. நன்றிங்க டாக்டர்.

வடபழனி_பிசியோ | 11:07
நான் தூங்கப் போறேன்.

கோவை_கீப்பர் | 11:15
அண்ணா, இத்தனை கெட்டியா இருக்கற ஆளு, போன மார்கழில எங்கூருக்கு ஆட வந்தப்ப எதுக்குங்க பை-ரன்னர், உங்களுக்குப் பதிலா ஓடற ஆளு, கேட்டீங்க?

ஓப்பனிங்_பௌலர்_86 | 11:32
வரும்னு தெரியும். இதுக்காகத்தான் ரெண்டு மணி நேரமா சுத்திட்டு இருந்தீங்க.

எல்லாரும் கேளுங்க. நட்பு ஆட்டம்னு கூப்பிட்டாங்க. சென்னைலேர்ந்து ராத்திரி பஸ், காலை மடக்கியே எட்டு மணி நேரம். மூணாவது ஓவர்ல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, அதனால பை-ரன்னர். ரன்னர் ஸ்கொயர் லெக் பக்கத்துல இருக்கான். நான் லெக் சைட்ல தட்டிவிட்டேன். ஒரு ரன் தாராளமா இருக்கு. ரன்னர் அந்தப் பக்கம் போயே சேர்ந்துட்டான். நான் பழக்கதோஷத்துல கிரீஸ விட்டு ரெண்டே ரெண்டு அடி வெளிய வந்து பாத்துட்டு நிக்கறேன். இந்த மனுஷன் சத்தமில்லாம பந்தை வாங்கி பெயில்ஸைத் தட்டிட்டு கைய தூக்கறார். ரெண்டு அடி! நொண்டிக்கிட்டு நிக்கறவனை! அம்பயர் இவரோட மச்சான்.

கோவை_கீப்பர் | 11:36
சட்டப்படி அவுட்டுங்க. ரன்னர் வெச்ச ஸ்டிரைக்கர் தன் கிரீஸ விட்டு வெளிய நின்னா, கீப்பர் பக்க ஸ்டம்ப்ப தட்டினா அவுட். ரன்னர் எங்க நின்னாலுஞ் சரி. மச்சான் இல்லாட்டியும் அவுட்டு.

பெஞ்ச்_பிளேயர் | 11:38
பை-ரன்னரையே தூக்கிட்டாங்களே?

சேப்பாக்கம்_சித்தப்பா | 11:41
அது சர்வதேச ஆட்டத்துல, 2011-ல ஐசிசி எடுத்தது. கிரிக்கெட் சட்டம் எழுதற எம்சிசியோட சட்டத்துல இன்னும் இருக்கு. ஆனாலும் நட்பு ஆட்டத்துல அப்படிப் பண்ணியிருக்க வேணாம் கீப்பர் தம்பி.

கோவை_கீப்பர் | 11:44
சித்தப்பு, நட்பு ஆட்டம்னா மேட்ச் காசு 300 ரூவாயும் நட்புக்கே விட்டுருவாங்களா? அண்ணன் அவுட்டான கோவத்துல காசு குடுக்காம பஸ் ஏறிட்டாரு. இன்னும் வரலீங்க.

ஓப்பனிங்_பௌலர்_86 | 11:52
ஒரு பந்து கூட போட விடாம, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே மழைன்னு முடிச்சீங்க. அதுக்கு 300-ஆ? மார்கழில கோவைல அன்னிக்கு எங்க மழை பெஞ்சுது? நாலு தூறல். மேட்டைச் சுருட்டினதும் உங்க மச்சான்தான்.

மடிப்பாக்கம்_மிடில்ஆர்டர் | 11:55
நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல. சாஃப்ட்டா, ஹெவியா?

கோவை_கீப்பர் | திங்கள் 12:03
அண்ணனுக்கு தோளு வலிக்கறதுக்கு பந்து காரணம் இல்லீங்க. 38 வயசுல இன்னும் 22 வயசு ஆக்‌ஷன். பாத்தவங்க எங்கூர்ல அதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க. மாங்கா. பௌலிங் இல்லீங்க, கைய மடக்கி எறியறது.

ஓப்பனிங்_பௌலர்_86 | 12:19
மாங்காவா? டிவிஷன் லீக்ல ஏழு வருஷம் போட்டிருக்கேன். ஒரு அம்பயர், ஒரே ஒரு அம்பயர் நோ பால் சொன்னதில்ல. என் ஆக்‌ஷன் வீடியோ இருக்கு, சைடுலேர்ந்து எடுத்தது. காலைல எட்டரைக்கு ஆபீஸ் மீட்டிங், இப்போ தேடினா விடிஞ்சிடும். நாளைக்குப் போடறேன். கூடவே ஒரு எலுமிச்சம்பழம், ஒரு டென்னிஸ் பால், சமையலறைத் தராசு. மூணையும் நிறுத்து, எறிஞ்சு, மறுநாள் காலைல நான் பனியன் போடறதையும் வீடியோ எடுக்கறேன்.

கோவை_கீப்பர் | 12:21
தராசு வாங்கற காசுல 300-அ அனுப்பியுடுங்க.