கலைச்சொல்: ‘செட்’ ஆவதற்கு ‘உறைதல்’ வேண்டாம், ‘நுங்குப் பதம்’ என்போமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெலட்டின் கரைசல் குளிர்ந்து ஜெல்லியாவதை ஆங்கிலத்தில் ‘செட்’ ஆவது என்கிறோமே, அதற்குத் தமிழில் ‘உறைதல்’ என்று நம் கலைச்சொல் மடல்களில் போன வாரம் கிட்டத்தட்ட முடித்துவிட்டோம். நானும் அதற்குத்தான் சரி சொன்னேன். இப்போது அதைத் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கிறது. என் அண்ணியின் சமையலறையில் அந்தச் சொல் காலை வாரிவிட்டது.

பழைய அமெரிக்க வீட்டுச் சமையல் பற்றிய நம் தொகுப்புக்காக ‘உடைந்த கண்ணாடி’ இனிப்பின் செய்முறையை எழுதிக்கொண்டிருந்தேன். 1950களில் அங்கே விருந்து மேசைகளில் நின்ற பண்டம் அது. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று தனித்தனியாக ஜெல்லி செய்து, சிறு சதுரங்களாக நறுக்கி, அடித்து நுரைத்த கிரீமில் கலந்து, அந்தக் கிரீமுக்கும் கொஞ்சம் ஜெலட்டின் சேர்த்து அச்சில் ஊற்றிக் குளிரவைப்பார்கள். வெட்டினால் வெள்ளைக்குள் வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதிந்த மாதிரி இருக்கும். ஓவன் வேலையே கிடையாது. அப்போது ஜெல்-ஓ போன்ற, பழச்சுவை சேர்த்த ஜெலட்டின் தூள் பொட்டலத்தைப் பிரித்துத்தான் செய்தார்கள். நான் பழச்சாறும் சாதா ஜெலட்டின் தூளும் வைத்து, பொட்டலம் இல்லாமல் செய்யும் முறையை எழுதினேன். கடைசியில் நம் முடிவுப்படியே ‘ஆறு மணி நேரம் உறைய வைக்கவும்’ என்று போட்டேன்.

அண்ணி அப்படியே செய்து பார்த்தார். ராத்திரி முழுக்க பிரீசரில். காலையில் எடுத்தபோது கல் மாதிரி இருந்ததாம், பெருமையாகப் படம்கூட அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது. சதுரங்கள் எல்லாம் பஞ்சாகிவிட்டன, தட்டு முழுக்கத் தண்ணீர். “நீதானே உறைய வைக்கணும்னு எழுதியிருந்த? உறைய வைக்கிறதுன்னா பிரீசர்தானே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிரீசருக்கு ‘உறைவிப்பான்’ என்று பெயர் வைத்ததே நாம்தான்.

ஜெலட்டின் கெட்டியாவதும் தண்ணீர் பனிக்கட்டியாவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். ஜெலட்டின் என்பது தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தை வேகவைத்துப் பிரித்தது. சூட்டில் அதன் இழைகள் தனித்தனியாக மிதக்கும். குளிரும்போது அங்கங்கே ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வலையாகிவிடும். தண்ணீர் அந்த வலைக்குள் தண்ணீராகவேதான் இருக்கிறது, ஓட முடியவில்லை, அவ்வளவுதான். பிரீசரில் வைத்தால் அதே தண்ணீர் பனிப்படிகமாகி வலையைக் கிழிக்கிறது. வெளியே எடுத்ததும் நீர் விட்டுக்கொள்கிறது. ஆக ‘உறைதல்’ என்ற ஒரே சொல், செய்ய வேண்டியதையும் செய்யவே கூடாததையும் சேர்த்துக் குறிக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுகிறோம், நெய் உறைகிறது, ரத்தம் உறைகிறது, உண்மைதான். ஆனால் தயிரை யாரும் பிரீசரில் வைத்து உறைய வைப்பதில்லை, பழக்கம் காப்பாற்றுகிறது. பழக்கமில்லாத பண்டத்துக்குச் சொல்தான் காப்பாற்ற வேண்டும்.

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கூழ்மமாதல் என்றால் அறிவியலோடும் ஒத்துப்போகும்.

ஒத்துப்போகாது. கூழ்மம் என்பது பெரிய குடும்பம், பாலும் அதில் ஒன்று. அடுப்பிலிருந்து இறக்கிய சூடான ஜெலட்டின் கரைசலும் கூழ்மம்தான். அது குளிர்ந்து ‘கூழ்மமாக’ எதுவும் மிச்சமில்லை.

> தோய்தல். தயிர் தோய்ப்பது போல.

எனக்கு மிகவும் பிடித்த சொல். எங்கள் பாட்டி ‘பாலைத் தோய்ச்சு வை’ என்றுதான் சொல்வார். ஆனால் தோய்த்தல் என்றால் நீரில் நனைப்பதும்தானே, ஜெலட்டின் வேலையே தூளைக் குளிர்ந்த நீரில் நனைப்பதில்தான் ஆரம்பிக்கிறது. ஒரே செய்முறையின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இரண்டு பொருளில் ஒரே சொல் வந்தால் மறுபடி அண்ணியின் அழைப்புதான். மனசில்லாமல் விட்டுவிடுகிறேன்.

களி என்றால் கேழ்வரகுக் களியும் திருவாதிரைக் களியும் கண்முன் வந்து நிற்கின்றன. களியின் ஊடே வெளிச்சமே தெரியாது. கட்டுதல் நல்ல பேச்சுச் சொல். ஆட்டுக்கால் சூப் மிச்சமானதைப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் ‘சூப் கட்டிப்போச்சு’ என்கிறோம், அது அசல் ஜெலட்டின்தான். பொட்டலத்தூள் வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கன்றின் காலை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கொழுப்பை எடுத்து, முட்டை வெள்ளையால் தெளியவைத்து, துணியில் வடிகட்டித்தான் ஜெல்லி இனிப்புகளைச் செய்தார்கள். ஆள்வைத்துச் சமைத்த வீடுகளுக்கே அது கட்டுப்படியானது. பீட்டர் கூப்பர் 1845இல் ஜெலட்டின் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க் மாநிலத்து லெராய் ஊரில் பேர்ல் வெயிட் 1897இல் பழச்சுவை சேர்த்து ஜெல்-ஓ செய்தார், விற்கத் தெரியாமல் 1899இல் 450 டாலருக்குக் கைமாற்றிவிட்டார். அதன்பின் வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்ததும்தான் இந்த அச்சு இனிப்புகள் பெருகின. நம் ஆட்டுக்கால் சூப்பும் அந்தக் கன்றுக்கால் ஜெல்லியும் ஒரே வேதியியல் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் ‘கட்டுதல்’ என்ற சொல் எந்த அளவுக்கு என்று சொல்லவில்லை.

அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. நாம் தேடியது வினைச்சொல். நம் சமையலறை இப்படிப்பட்ட மாற்றங்களை வினையால் அளப்பதில்லை, பதத்தால் அளக்கிறது. சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று படிப்படியாகப் பெயர் வைத்திருக்கிறோம். ‘பாகு கெட்டியாகும்வரை’ என்று எந்த அம்மாவும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜெலட்டினுக்கும் அதுதான் வேண்டும், ஏனென்றால் இந்த இனிப்பில் ஒரு பதம் அல்ல, இரண்டு பதம் தெரிய வேண்டும்.

முதல் பதம் பாதி வழியில் வருவது. கரைசல் ஆறி, பிரிட்ஜில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் கொழகொழப்பாகும். பழத்துண்டையோ நுரைத்த கிரீமையோ அப்போதுதான் சேர்க்க வேண்டும். முன்னாடி சேர்த்தால் கனமான பழம் அடியில் போய்விடும், லேசானது மிதக்கும். பின்னாடி சேர்த்தால் கலக்கும்போது உடைந்து திட்டுத்திட்டாகிவிடும். அமெரிக்கச் செய்முறைகள் இதை ‘அடிக்காத முட்டை வெள்ளைபோல’ என்று விவரிக்கின்றன. நமக்கு அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது. இளநீர்க் கடையில் ‘தண்ணியா, வழுக்கையா?’ என்று கேட்பார்களே, அந்த வழுக்கை. கரண்டியில் எடுத்தால் வழியாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதற்கு வழுக்கைப் பதம் என்று வைக்கலாம்.

இரண்டாவது, அச்சிலிருந்து கவிழ்த்தால் நிற்கிற பதம். ஒளி ஊடுருவும், தட்டை அசைத்தால் தளதளவென்று ஆடும், விரலால் தொட்டால் ஒட்டாது, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். தோல் உரித்த நுங்கைக் கையில் வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நுங்குப் பதம்.

தூள் அதிகமாகிவிட்டால் ரப்பர் மாதிரி ஆகும். அதற்கும் நுங்கிலேயே சொல் இருக்கிறது. முற்றிய நுங்கைக் ‘கடுக்காய்’ என்கிறோம். கடுக்காய்ப் பதம் வந்தால் தூள் கூடிவிட்டது என்று பொருள்.

இப்போது செய்முறை இப்படி வரும்: ‘7 கிராம் ஜெலட்டினுக்கு ஒன்றரைக் கோப்பைச் சாறு. வழுக்கைப் பதத்தில் பழம் சேர்த்து, நுங்குப் பதம் வரும்வரை பிரிட்ஜில் வைக்கவும். பிரீசரில் வைக்கக் கூடாது.’ பொதுவாக 7 கிராமுக்கு இரண்டு கோப்பை, அதாவது 480 மில்லி என்பதுதான் கணக்கு. நறுக்கும் சதுரங்களுக்கும் உயரமான அச்சுகளுக்கும் நீரைக் குறைக்க வேண்டும்.

அடுத்து ‘புளூம்’ (bloom) என்ற ஆங்கிலச் சொல். இதில் நாம் பெரிய தவறு செய்ய இருந்தோம்.

> புளூம் = மலர்தல். புளூம் வலிமை = மலர்வலிமை.

ஆங்கிலத்தில் இங்கே ஒரே ஒலியில் மூன்று பொருள் இருக்கிறது. தூளைக் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைப்பது ஒன்று. இதற்கு ஊறவைத்தல் போதும், புதுச்சொல் வேண்டாம். அரிசி, ஜவ்வரிசி, பாதாம் பிசின் எல்லாம் ஊறிப் பருக்கின்றன, ஜெலட்டினும் அப்படியே. நேராகச் சுடுநீரில் கொட்டினால் வெளியே பசையாகி உள்ளே தூள் காய்ந்தபடி கட்டி தட்டிவிடும். கேழ்வரகு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் கொதிநீரில் ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘ஊறல்’ என்ற பெயர்ச்சொல்லை மட்டும் தவிர்ப்போம், செய்தித்தாளில் அது கள்ளச்சாராயத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது, சாக்லேட் மேல் வெள்ளையாகப் படிவது. அதற்குப் பூத்தல் அப்படியே பொருந்தும். நீறு பூத்த நெருப்பு என்கிறோம், சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோம்.

மூன்றாவது, பெட்டிமேல் ‘200 புளூம்’ என்று எண் போட்டிருக்குமே, அது பூவே அல்ல. ஆஸ்கர் புளூம் என்ற மனிதரின் பெயர். ஜெல்லியின் வலிமையை அளக்கும் கருவிக்கு 1925இல் காப்புரிமை பெற்றவர். 6.67 சதவீதக் கரைசலை 10 டிகிரி செல்சியஸில் 17 மணி நேரம் வைத்து, அரை அங்குல அகலத் தண்டால் 4 மில்லிமீட்டர் அழுத்த எத்தனை கிராம் எடை வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்தக் கிராம்தான் புளூம் எண். ஓம், வாட் போல இதையும் ‘புளூம் எண்’ என்றே விட வேண்டும். மலர்வலிமை என்று அச்சேறிவிட்டால் ஒரு மனிதரை அழித்து ஒரு பூவை நட்ட பழி நமக்கு வரும்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.

---

வணக்கம். நேற்றைய மடலுக்கு வந்த மறுப்புகளுக்குப் பதில்.

> நுங்கு வாயில் கரையாது. ஜெலட்டின் கரையும். நுங்கு கடற்பாசிக்குத்தானே (அகர்-அகர்) நெருக்கம்?

சரியான கேள்வி, நேற்று நான் யோசிக்காதது. ஜெலட்டின் ஏறக்குறைய 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும், நம் உடம்புச் சூட்டுக்கும் கீழே. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது, சித்திரை வெயிலில் மேசைமேலேயே குழைந்தும் போகிறது. நோன்புக்காலத்தில் பால் ஊற்றிச் செய்து சாய்சதுரமாக வெட்டுகிற கடற்பாசி, இறுகியபின் மறுபடி இளக 85 டிகிரி வேண்டும். வெட்டினால் சுத்தமாக உடையும். ஆனால் பதம் என்பது தயாராகிவிட்டதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கிற அளவு. கம்பிப் பதத்துப் பாகு வாயில் கம்பியாக இருப்பதில்லை. எனவே நுங்குப் பதத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, வாயில் கரைவதைத் தனியே குறிப்பிடலாம் என்பது என் எண்ணம்.

> எங்கள் பக்கம் வழுக்கை என்றால் தலைதான். இளநீரில் இருப்பது வழுக்கல்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது இன்னும் நல்லது. வழுக்கல் என்பதில் அந்தச் செயலே இருக்கிறது, தலைக் குழப்பமும் இல்லை. ‘வழுக்கல் பதம்’ என்று மாற்றிக்கொள்ளலாம், நான் ஒப்புக்கொள்கிறேன்.

> டொராண்டோவில் வளரும் பிள்ளை நுங்கை எங்கே பார்ப்பாள்?

டப்பாவில் பார்ப்பாள். பார்க்காவிட்டாலும் சொல்லைக் கற்றபின் ஒருநாள் பழத்தைச் சந்திக்கட்டும். எனக்கு அது இழப்பாகத் தெரியவில்லை.

> ஜெலட்டினை ஊன்பசை என்று எழுதுவோமா?

எழுதலாம் என்பேன், குறைந்தது முதல் இடத்திலாவது. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் வருகிற பொருள் என்று தெரியாமல் வாங்கி, பிறகு மனம் வருந்தியவர்கள் நம் வீடுகளில் நிறைய. ஊன் என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடும். பொட்டலத்தில் ஜெலட்டின் என்றே இருப்பதால் ‘ஜெலட்டின் என்கிற ஊன்பசை’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு எது வசதியோ அது.

இன்னொரு திருத்தம். பழப் பட்டியலில் நான் ‘அன்னாசி’ என்று மட்டும் போட்டிருந்தேன். வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் புரதத்தை அறுக்கும் நொதி உள்ளவை. எத்தனை மணி நேரம் வைத்தாலும் வழுக்கல் பதம்கூட வராது. வேகவைத்தால் அல்லது டப்பா அன்னாசி என்றால் பிரச்சினை இல்லை, சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ‘வேகவைத்த அன்னாசி’ என்று தொகுப்பில் மாற்றிவிடுங்கள்.

அச்சிலிருந்து எடுப்பதற்குக் ‘கவிழ்த்தல்’ என்பதை யாரும் மறுக்கவில்லை, அதை முடித்துவிடலாம். வெதுவெதுப்பான நீரில் அச்சைப் பத்து நொடி முக்கி, தட்டை ஈரமாக்கிவிட்டுக் கவிழ்த்தால், நடுவில் விழாவிட்டாலும் நகர்த்திக்கொள்ளலாம்; அந்த வரியைச் சேர்த்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். நுரைத்த கிரீமைக் காற்று போகாமல், கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்ப்பதற்கு என்ன சொல்? ‘மடித்தல்’ என்றால் துணி. ‘கலத்தல்’ என்றால் அண்ணி மிக்சியில் போட்டுவிடுவார். ‘புரட்டிச் சேர்த்தல்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நெல் காயவைக்கிற இடத்தில், மாவு பிசைகிற வீட்டில், பஞ்சு கொட்டுகிறவர்களிடம் வேறு சொல் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அண்ணி வெள்ளிக்கிழமை மறுபடி செய்து பார்க்கிறார், அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்.