லேபிளுக்குப் பணம் கட்டியும் பழைய பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்திருக்கிறது, உதவுங்கள்

குறும்படக்காரன்:
வணக்கம். என் குறும்படத்தில் ஒரு காட்சியில், ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று 40 நொடி ஓடும். பாட்டை வெளியிட்ட இசை நிறுவனமான லேபிளிடம் எழுதிக் கேட்டு, பணம் கட்டி, ஒப்பந்தமும் வாங்கினேன். யூடியூபில் ஏற்றிய மறுநாளே கன்டென்ட் ஐடி (வீடியோவில் உள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு) வழியாக உரிமைக் கோரிக்கை. கோரியது லேபிள் இல்லை, யாரோ ஒரு மியூசிக் பப்ளிஷர். ஒப்பந்தத்தைக் காட்டி ஆட்சேபித்தும் நிராகரித்துவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

மெட்டுப்பெட்டி:
ஏமாறவில்லை, பாதியை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். மெட்டும் வரியும் ஒரு சொத்து, பாடிப் பதிந்த ஒலி இன்னொரு சொத்து. லேபிள் கொடுத்தது மாஸ்டர் உரிமம், அதாவது அந்த ஒலிக்கு மட்டும். மெட்டையும் வரியையும் படத்தில் சேர்க்க சிங்க் உரிமம் தனியாக வேண்டும், அதை அவற்றின் உரிமையைக் கையாளும் பப்ளிஷரிடம் வாங்கவேண்டும். நீங்களே வேறு குரலில் பாடவைத்திருந்தாலும் சிங்க் இல்லாமல் முடியாது. ஒப்பந்தத்தில் "ஒலிப்பதிவு மட்டும்" என்கிற மாதிரி ஏதாவது இருக்கும், பாருங்கள்.

வெட்டுஒட்டு:
30 நொடிக்குக் கீழே இலவசம்தானே? வெட்டி 29 ஆக்கிவிடுங்கள்.

மெட்டுப்பெட்டி:
இந்த 30 நொடிக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ! அப்படி ஒரு பொது விதி கிடையாது.

குறும்படக்காரன்:
ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் "ஒலிப்பதிவு மட்டும்" என்று இருக்கிறது. பொடி எழுத்தில்கூட இல்லை, நான்தான் படிக்கவில்லை. சரி, பப்ளிஷருக்கு லேபிள் தொகையில் கால் பங்கு சொல்லலாமா?

ரீல்சுருள்:
வேண்டாம். இரண்டு பக்கமும் சமத்தொகை என்பதுதான் வழக்கம். பாட்டை உண்டாக்கியவருக்குக் கால் பங்கு என்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. அப்புறம், லேபிள் ஒப்பந்தத்தில் எம்.எஃப்.என். விதி, அதாவது மற்றவருக்குக் கொடுப்பதைவிடத் தனக்குக் குறையக்கூடாது என்ற விதி, இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பப்ளிஷருக்குக் கூடுதலாகக் கொடுக்கும்போது லேபிளுக்கும் அந்த வித்தியாசத்தைக் கட்டவேண்டும்.

கை கடித்தால் தொகையில் பேரம் பேசாமல் உரிமத்தைச் சுருக்குங்கள்: இப்போதைக்குத் திரைப்பட விழாக்கள் மட்டும், ஓராண்டு. இணையத்துக்கும் டிவிக்கும் பின்னால் எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படம் ஓடிப் பெயர் எடுத்தபின் கேட்டால் விலை ஏறிவிடும். பாட்டு பின்னணியில் ரேடியோவில்தான் ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள், டைட்டிலுக்குப் போடுவதைவிட அதற்குக் குறைவு.

டிவியில் ஓடினால் ராயல்டி தனிக்கணக்கு. அதைப் பொதுவாக ஒளிபரப்புபவர், பாட்டை உண்டாக்கியவர்களுக்காக வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்குக் கட்டுவார். நீங்கள் கியூ ஷீட்டில் (படத்தில் வரும் இசையின் பட்டியல்) பாட்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பப்ளிஷர், 40 நொடி என்று ஒழுங்காக நிரப்பிக் கொடுங்கள். அதில் பெயர் விட்டுப்போனால் அவருக்குப் பணம் போய்ச் சேராது.

மெட்டுப்பெட்டி:
யூடியூபில் மேல்முறையீடு செய்துவிடாதீர்கள். அதையும் பப்ளிஷர் நிராகரித்து வீடியோவை நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறல் என்ற எச்சரிக்கை) விழும்.

குறும்படக்காரன்:
வீடியோவை பிரைவேட்டில் போட்டுவிட்டு பப்ளிஷருக்கு எழுதினேன். காட்சியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எம்.எஃப்.என். விதியும் இருக்கிறது, நான்காம் பக்கத்தில்.