சிலிக்காவில் கட்டிய பல்லேடியம் வினையூக்கி மூன்றாவது சுற்றிலேயே படுத்துவிடுகிறது, உதவி தேவை

குடுவைக்காரன்:
வணக்கம். பாஸ்பீன் வால் (பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பரஸ் தொகுதி) உள்ள ட்ரைஎத்தாக்ஸிசிலேனோடு (சிலிக்காவில் ஒட்டும் சேர்மம்) சிலிக்காவை டொலுவீனில் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி திரும்ப வடியும்படி கொதிக்கவைத்து), அதன்மேல் பல்லேடியம் அசிடேட் ஏற்றினேன். வெளிர் மஞ்சள் பொடி கிடைத்தது. இதை வைத்துச் செய்தது சுசுகி வினை (அரைல் ஹாலைடையும் போரானிக் அமிலத்தையும் இணைப்பது): கரைப்பானாக டிஎம்எஃப்பும் தண்ணீரும், காரமாகப் பொட்டாசியம் கார்பனேட், 90 டிகிரி, 12 மணி நேரம். அதே பொடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஈல்டு (விளைச்சல்) முதல் இரு சுற்றுகளில் 96, 94, மூன்றாம் சுற்றில் 41%. பொடி சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனால் பொடியை வடித்தெடுத்தபின் வடிநீரில் வினை நடக்கவில்லை. அப்படியென்றால் லீச்சிங் (பல்லேடியம் பொடியைவிட்டுக் கரைந்து வெளியேறுவது) இல்லைதானே?

வடிதாள்:
ஆறவிட்டா வடிகட்டினீர்கள்?

குடுவைக்காரன்:
ஆமாம், சூட்டோடு வடிக்கப் பயம்.

வடிதாள்:
அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். அரைல் ஹாலைடு சேர்ந்ததும் பல்லேடியம் பாஸ்பீனை விட்டுக் கரைசலில் இறங்கிவிடும். ஹாலைடு தீர்ந்து குடுவை ஆறும்போது திரும்பப் பொடியில் போய் ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் உலோகத் துகளாக. உங்கள் சாம்பல் நிறம் அதுதான். மூலப்பொருள் சுமார் 25% விளைபொருளாக மாறியதும் நிறுத்தி, சூடேற்றிய ஃபில்டரில் 90 டிகிரியிலேயே வடியுங்கள். வடிநீரில் புதிதாகக் கார்பனேட் போட மறக்காதீர்கள். அது பொடியோடு தங்கிவிட்டால் பல்லேடியம் இருந்தும் வினை நகராது.

இன்னொன்று, 12 மணி நேர ஈல்டை நம்பாதீர்கள். பாதி வினையூக்கி செத்திருந்தாலும் மீதிப் பாதி அதற்குள் வேலையை முடித்துவிடும். 15 நிமிடத்தில் சாம்பிள் எடுத்தால் இரண்டாம் சுற்றிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

களிமண்:
எனக்குச் சிலிக்கா மேலேயே சந்தேகம். சூடான கார்பனேட் தண்ணீரில் அது மெல்லக் கரையும். பிஎச் 9 தாண்டினாலே ஆபத்து. சுற்றுக்குச் சுற்று பொடியை எடை போட்டீர்களா? வடிநீரை ஐசிபிக்கு (கரைந்துள்ள தனிமங்களை அளக்கும் சோதனை) கொடுக்கும்போது பல்லேடியத்தோடு சிலிக்கானையும் கேளுங்கள். பாஸ்பரஸ் என்எம்ஆரில் (பாஸ்பரஸ் அணுக்களின் நிலையைக் காட்டும் காந்தச் சோதனை) 30 பிபிஎம் பக்கம் சிகரம் நின்றால் பாஸ்பீன் வாலும் ஆக்சைடாகிவிட்டது என்று பொருள்.

குடுவைக்காரன்:
செய்து பார்த்தேன். சூடாக வடித்த திரவம் ஒரு மணி நேரத்தில் 24இலிருந்து 70% மாற்றத்துக்குப் போய்விட்டது! 500 மில்லிகிராம் பொடியில் 390தான் மிஞ்சியது. வடிநீரில் சிலிக்கானும் இருக்கிறது.

வடிதாள்:
அப்படியானால் உங்களிடம் இருப்பது பல்லேடியம் போட்டுவைத்த டப்பா. வேலை நடப்பது கரைசலில். ஆய்வறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள், வெட்கமில்லை.

களிமண்:
சிலிக்காவுக்குப் பதில் குறுக்கிணைத்த பாலிஸ்டைரின் (ஒரு பிளாஸ்டிக்) மணிகளுக்கு மாறினால் காரம் தாங்கும். பல்லேடியம் இறங்குவது மட்டும் நிற்காது. மணிகளைக் காந்தக் கட்டை போட்டுக் கலக்காதீர்கள், அரைத்துத் தூளாக்கிவிடும். ஷேக்கரில் வையுங்கள்.