புதுப்பிப்பு: மணியின் ராத்திரி 2 மணி ஓட்டம்

போன வாரம் புலம்பியிருந்தேனே: எங்கள் நாய் மணியின் கழுத்துப்பட்டைக் கருவி, அவன் ராத்திரி 2 மணிக்கு அரை மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது, கதவோ பூட்டியிருக்கிறது என்று. கருவி கோளாறு என்றுதான் பலரும் சொன்னீர்கள். நானும் திருப்பி அனுப்பவே இருந்தேன்.

சனிக்கிழமை கண்விழித்துப் பார்த்தேன். ஓட்டமெல்லாம் இல்லை. பின்னங்காலால் காதடியைப் பரபரவென்று சொறிகிறான். பட்டையில் தொங்கும் அந்தக் கருவியும் கூடவே குலுங்குகிறது. உள்ளே இருப்பது முடுக்கமானி. மூன்று அச்சுகளில் அசைவை அளக்கும், அவ்வளவுதான். அது ஓட்டமா சொறிதலா என்று ஊகிப்பது மென்பொருள். இங்கே தப்பாக ஊகித்துவிட்டது.

மருத்துவர் காதை மடித்துக் காட்டினார். உள்மடிப்பில் மிளகு மாதிரி நாலு உண்ணிகள்! மாத்திரை கொடுத்தார். பட்டையும் தளர்வாம், இரண்டு விரல் நுழைந்தால் போதுமாம்.

நேற்று கருவியின் வரைபடத்தில் அந்த 2 மணிக் கோடு படுத்துவிட்டது. மாத்திரையாலா, பட்டையை இறுக்கியதாலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்தது என் அவசரம்.

அப்புறம், ஜிபிஎஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: இதில் இல்லை. அதனால்தான் சார்ஜ் நாள்கணக்கில் நிற்கிறது.