கால் போகும் என்றவர் கொஞ்சம் இங்கே வரவும்

உவர்மலையான்:
நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, ஒப்பரேஷன் செய்வது பற்றி நிலாவெளி மைனர் நேற்று எழுதியதைப் பார்த்தீர்களா? "நாரியில் கத்தி வைத்தவன் எழும்பி நடந்ததாகச் சரித்திரம் இல்லை, கால் போய்விடும், கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணியும் நல்லெண்ணெயும் போதும்" என்கிறார். கீழே ஒரு கூட்டமே வந்து "உண்மை அண்ணை" போட்டிருக்கிறது. மைனரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முண்ணாண் எங்கே முடிகிறது? முதுகெலும்புக்குள் இறங்கும் அந்த நரம்புத் தண்டு வளர்ந்தவர்களுக்கு நாரியின் மேல் எலும்புகளான எல்1, எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடும். எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் அதற்கும் கீழே, எல்4-எல்5 இல், இல்லாவிட்டால் எல்5-எஸ்1 இல். அந்த இடத்தில் இல்லாத முண்ணாணை எந்த டொக்டர் வெட்டுவார்?

நிலாவெளி மைனர்:
வந்துவிட்டார் பேராசிரியர். கால்பந்துப் போட்டிக் கணக்கைக் கேட்டால் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. அண்ணை, என் மச்சானின் சித்தப்பா ஒப்பரேஷனுக்கு நடந்துதான் போனார். வந்த பிறகு வலது பாதத்தைத் தூக்க ஏலாது, செருப்பு கழன்று கழன்று விழும், படி ஏறினால் பெருவிரல் இடிக்கும். முண்ணாண் எங்கே முடிந்தால் எனக்கென்ன? கால் போனதா இல்லையா?

உவர்மலையான்:
அது கால் போனது இல்லை, பாதம் தொங்கியது. முண்ணாணிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர் பலநாள் நசிந்து கிடந்தால் ஒப்பரேஷனுக்கு முதலே பாதம் விழத் தொடங்கும். சித்தப்பா எண்ணெய் பூசிப் பூசி எவ்வளவு காலம் இழுத்தடித்தார் என்று விசாரித்தீர்களா? கேட்டதற்குப் பதில் வரவில்லை. முண்ணாண் எங்கே முடிகிறது?

நிலாவெளி மைனர்:
பாதம் காலில் இல்லாமல் கையிலா இருக்கிறது?

மூதூர் நானா:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வாப்பா பள்ளிவாசல் படியில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. சில கிழமை போன பிறகு கதை குழம்பத் தொடங்கியது, தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது, வயதுபோன மறதி என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஸ்கான் எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் பழைய இரத்தம் தேங்கி மூளையை அமத்திக்கொண்டு இருக்கிறது. மண்டையோட்டில் துளை போட்டு வடித்தார்கள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் ஏச்சு அவரிடம்தான். மண்டையைத் துளைத்தவரே நடமாடுகிறார், நாரிக்கு என்ன இவ்வளவு பயம்?

நிலாவெளி மைனர்:
நானா, அல்ஹம்துலில்லாஹ், வாப்பா சுகமாக இருக்கட்டும். ஆனால் இங்கே கதை மண்டை இல்லை, கால்.

தம்பலகாமம் அக்கா:
நான் பிசியோதெரபியில் வேலை செய்கிறவள், ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலி பலருக்கு ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் கத்தி இல்லாமலே குறையும். ஒல்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007 இல் வந்தது. ஒரு பகுதியினருக்குச் சுறுக்காக ஒப்பரேஷன், மற்றவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் போனபோது ரெண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் வரை சுகம். வெட்டியவர்களுக்கு வலி சுறுக்காக விட்டது, அவ்வளவுதான். ஆனால் சலம், அதாவது சிறுநீர், போகாமல் அடைத்தால், குந்தும் இடம் மரத்துப்போனால், ரெண்டு காலும் பலம் குறைந்துகொண்டு வந்தால் எண்ணெயும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு இரவு பிந்தினாலும் சலம் கட்டுப்படாமலே போய்விடக்கூடும்.

நிலாவெளி மைனர்:
கேட்டீர்களா? பொறுத்தாலும் சுகம் என்று அக்காவே சொல்லிவிட்டார். நான் சொன்னதும் அதுதானே.

உவர்மலையான்:
நீங்கள் சொன்னது "கால் போகும்". அக்கா எங்கே கால் போகும் என்றார்? அதே ஆய்வில் பொறுத்துப் பார்த்தவர்களிலும் 39 சதவீதம் பேர் வலி தாங்க ஏலாமல் கடைசியில் ஒப்பரேஷனுக்குத்தான் போனார்கள், அதை மட்டும் உங்கள் கண் தாண்டிவிடும். மற்றது, எல்லா நாரி ஒப்பரேஷனும் ஒன்றில்லை. டிஸ்க் பிதுங்கினால் மைக்கிரோஸ்கோப் வைத்துச் சின்னதாகக் கீறி, நரம்பை அமத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள், பலர் அடுத்த நாளே எழும்பி நடப்பார்கள். வயதுபோய் முதுகெலும்பில் நரம்பு போகும் குழாய் ஒடுங்கினால் பின்பக்க எலும்புத் தகட்டை எடுத்து இடம் விடுவார்கள். எலும்பு முன்னுக்கு நழுவியிருந்தால்தான் பெரும்பாலும் டைட்டானியம் ஸ்குரூ, கம்பி எல்லாம். மைனருக்கு மூன்றும் ஒன்று, கடையில் கோழி வெட்டுவதும் ஒன்று. இதில் எந்த ஒப்பரேஷனில் எல்5 இல் முண்ணாண் வந்து குறுக்கே நிற்கிறது?

கோணமலைப் பொடியன்:
உவர்மலை அண்ணை, ஒரு சந்தேகம். கழுத்தில் முண்ணாண் இருக்குதுதானே? அங்கேயும் டிஸ்க் பிதுங்கும், அங்கேயும் வெட்டுகிறார்கள். அப்போ அங்கே கால் போக இடம் இருக்குதா?

உவர்மலையான்:
தம்பி, நாங்கள் கதைப்பது நாரி.

கோணமலைப் பொடியன்:
தலைப்பில் நாரி என்று இல்லையே, கால் என்றுதானே போட்டிருக்கிறீர்கள்.

நிலாவெளி மைனர்:
ஹா ஹா, பொடியன் பிடித்துவிட்டான். அண்ணை லண்டனில் இருந்துகொண்டு ஊருக்கு வைத்தியம் சொல்கிறார். அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கன்னியாத் தண்ணியின் அருமை எப்படித் தெரியும்?

உவர்மலையான்:
கன்னியாவுக்கு உங்களுக்கு முதல் போனவன் நான். ஏழு கிணறும் சின்னச் சதுரக் கிணறுகள், இறங்கிக் கிடக்க ஏலாது, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். அந்தத் தண்ணி தோலைத் தாண்டி டிஸ்க்குக்குள் எந்த வழியால் போகிறது, அனுராதபுர வீதியாலா?

மூதூர் நானா:
சூடு பட்டால் தசைப்பிடிப்பு இளகும், அது உண்மை. வாப்பாவும் போகிறவர். ஒரே தண்ணி என்றாலும் கிணத்துக்குக் கிணறு சூடு வேற.

நிலாவெளி மைனர்:
அந்த ஓரக் கிணறுதான் ஆகச் சூடு.

உவர்மலையான்:
இல்லை, நடுவில் இருக்கிறது. இதுகூடத் தெரியாதவர்தான் நரம்பைப் பற்றி எழுதுகிறார்.

தம்பலகாமம் அக்கா:
சலம் அடைத்தால் பொறுக்க வேண்டாம் என்று எழுதினேனே, ஒருவராவது வாசித்தீர்களா?

நிலாவெளி மைனர்:
வாசித்தோம் அக்கா, நன்றி. ஓரக் கிணறுதான். சந்தேகம் என்றால் அண்ணை டிக்கெட் போட்டு வந்து கையை விட்டுப் பார்க்கட்டும். வரும்போது கால்பந்துப் போட்டிக் கணக்குக் கொப்பியையும் கொண்டு வரட்டும்.

உவர்மலையான்:
கொப்பி பொருளாளரிடம். பொருளாளர் உங்கள் மச்சான்.