பாதுகாப்புச் சான்றிதழின் பீட்டா தேர்வு: எழுதலாமா, காத்திருக்கலாமா?

ராப்பணி:
மூன்று ஆண்டுகளாக எஸ்ஓசியில், அதாவது நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மையத்தில், இரவுப் பணி. அலர்ட் பார்ப்பது, லாக் தோண்டுவது, தேவைப்பட்டால் அடுத்த நிலைக்கு அனுப்புவது, இதுதான் வேலை. என் நிலைக்கு ஏற்ற ஓர் அனலிஸ்ட் சான்றிதழின் புதிய பதிப்புக்குப் பீட்டா தேர்வு, அதாவது முறையான வெளியீட்டுக்கு முன் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கும் தேர்வு, திறந்திருக்கிறார்கள். கட்டணம் வழக்கமானதில் சிறு பங்குதான். தேறினால் கிடைப்பதும் அதே முழுச் சான்றிதழ். எழுதப் போகிறேன் என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். புத்தகம் கிடையாது, கேள்விகள் சரியாக இருக்காது, ரிசல்ட் வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். எனக்கு இதில் எதுவும் தடையாகத் தெரியவில்லை. பாடத்திட்டப் பட்டியலை வெளியிட்டிருக்கிறார்கள், என்னிடம் வேலை அனுபவம் இருக்கிறது. எழுதியவர்கள் சொல்லுங்கள், நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன்?

பொதியாய்வு:
நேரத்தை.

நான் ஒரு பீட்டா எழுதியிருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அதில் ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் தடுப்பு) விதிகளை வரிசைப்படுத்தும் செயல்முறைக் கேள்வி ஒன்று வந்தது. கேள்வி கேட்ட போர்ட் எண், தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியலிலேயே இல்லை. நான்தான் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வரைபடத்தை மறுபடி வாசித்தேன், விதிகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். 14 நிமிடம் போனது. கடைசி ஒன்பது கேள்விகளுக்கு வாசிக்காமலே ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். நான்கு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது: தேறவில்லை, மயிரிழையில்.

கெட்ட கேள்விகளை மதிப்பெண் போடும்போது நீக்கிவிடுவார்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நீக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி தின்ற 14 நிமிடத்தை யார் திருப்பித் தந்தார்கள்? அந்த நிமிடங்களில் நான் எழுதியிருக்கக்கூடிய ஒன்பது நல்ல கேள்விகள் என் கணக்கில் தவறாகவே நின்றன. காசும் கட்டி, அவர்களுடைய தேர்வைச் சோதித்தும் கொடுத்தேன். இதை வாய்ப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நீலஅணி:
வருத்தமான அனுபவம்தான். ஆனால் நண்பரே, அது பீட்டாவின் குறை மட்டும் இல்லை, தேர்வு எழுதும் முறையின் குறையும்கூட. செயல்முறைக் கேள்விகள் பெரும்பாலும் முதலில் வரும். அவற்றைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வருவதுதான் எப்போதும் நல்லது. எந்தக் கேள்விக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்த விபத்து நடக்காது. நான் இரண்டு பீட்டா எழுதி ஒன்றில் தேறினேன். தேறாத அந்த ஒன்றும் எனக்கு வீண் இல்லை. எந்தப் பகுதியில் தடுமாறுகிறேன் என்பது எழுதும்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று. பீட்டா கேள்வி பீட்டாவில் மட்டும் வருகிறது என்று நினைக்க வேண்டாம். அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் முதல் மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். அவற்றில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, சோதனைக்காகச் சேர்த்தவை. எவை அந்த 25 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கேயும் நாம் முழுக் கட்டணம் கட்டித்தான் அவர்களுக்காகச் சோதித்துக் கொடுக்கிறோம்.

பொதியாய்வு:
அந்த ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். சிஐஎஸ்எஸ்பியில் அந்த 25 போக மீதியெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதி, எடைபோட்டு, தேறி வந்த கேள்விகள். பீட்டாவில் மொத்தத் தாளும் அந்த 25-ஐப் போன்றதுதான். சிஐஎஸ்எஸ்பியில் தேர்வு முடிந்ததுமே தேறினோமா இல்லையா என்று தெரிந்துவிடும். தொடக்கநிலைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் எழுதப் போகிறவருக்கு 100 முதல் 900 வரையிலான அளவில் 750 வேண்டும் என்று முன்னாலேயே தெரியும். பீட்டாவில் தேர்ச்சிக் கோட்டையே நாம் எழுதி முடித்த பிறகுதான் போடுகிறார்கள். ஓடி முடித்த பின் எல்லைக்கோடு வரைவது நியாயமா?

வினாமுனை:
நான் சில காலம் இந்த மாதிரித் தேர்வுகளுக்குக் கேள்வி எழுதும் குழுவில் இருந்தவள். ஒப்பந்தம் இருப்பதால் எந்தத் தேர்வு என்று சொல்ல முடியாது. வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லலாம், அது பொதுவாகத் தெரிந்த விஷயம்தான்.

முதலில் எல்லைக்கோடு. பரவலாகப் பயன்படுவது ஆங்காஃப் முறை. துறையில் வேலை பார்ப்பவர்கள் சிலரை உட்கார வைப்பார்கள். "இந்தச் சான்றிதழுக்குத் தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 100 பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்?" இதைக் கேள்வி கேள்வியாகக் கேட்பார்கள். அந்த மதிப்பீடுகளின் சராசரியிலிருந்துதான் கோடு பிறக்கிறது. ஆகவே எழுதியவர்களில் இத்தனை பேர்தான் தேற வேண்டும் என்று முடிவு செய்து கோட்டை நகர்த்துவதில்லை. கோடு பின்னால் வருவதற்குக் காரணம், எந்தக் கேள்விகள் உயிரோடு மிஞ்சும் என்று பீட்டா முடியும்வரை தெரியாது என்பதுதான். அந்த 750-ம் விழுக்காடு அல்ல. கேள்வித்தாளுக்குத் தாள் கடினம் மாறும் என்பதால், மூல மதிப்பெண்ணை ஒரே அளவுகோலுக்கு மாற்றிச் சொல்லும் எண் அது.

அடுத்து, கேள்விகளை எப்படி வடிகட்டுகிறார்கள். இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, எழுதியவர்களில் எத்தனை பங்கு பேர் சரியாகச் சொன்னார்கள் என்பது. கிட்டத்தட்ட எல்லோருமே சரி என்றால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை. இரண்டாவது இன்னும் சுவையானது: மொத்தத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியிலும் நன்றாகச் செய்தார்களா? ஒரு உதாரணம் சொல்கிறேன். விடைக்குறிப்பில் 'அ' சரி என்று இருக்கிறது. ஆனால் மேல் வரிசைக்காரர்கள் எல்லோரும் 'இ' போட்டிருக்கிறார்கள், கீழ் வரிசைக்காரர்கள் 'அ' போட்டிருக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் தவறு எங்களுடையது. விடைக்குறிப்பு பிழை, அல்லது கேள்வி இரண்டு பொருள் தருகிறது. குழுவில் பத்துப் பேர் மூன்று முறை வாசித்தும் கண்ணில் படாத பிழைகள் இப்படி அகப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பீட்டா இல்லாமல் அந்தக் கேள்விகள் நேராக உங்கள் எல்லோருடைய தேர்விலும் வந்திருக்கும்.

பொதியாய்வு கேட்ட நேரக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் சொல்வது சரி. கேள்வியை நீக்கலாம், அதற்குப் போன நேரத்தை எந்தக் கணக்கிலும் ஈடுகட்ட முடியாது. பல பீட்டாக்களில் கூடுதல் நேரம் தருகிறார்கள், ஆனால் கேள்விகளும் கூடுதலாக இருக்கும்.

ராப்பணி:
அக்கா, இந்த விளக்கத்துக்கு நன்றி. இதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம். புத்தகம் இல்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலை வரிவரியாக வைத்து மூல ஆவணங்களையே படிக்கிறேன். நேற்று சம்பவ மேலாண்மைக்கு, அதாவது தாக்குதல் நடந்தால் கையாளும் முறைக்கு, வந்தேன். அதற்கு அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டி 800-61-இன் இரண்டாம் திருத்தம், 2012-இல் வந்தது, நான்கு கட்டங்கள் சொல்கிறது: தயாரிப்பு; கண்டறிந்து ஆராய்தல்; கட்டுப்படுத்தி அகற்றி மீட்டல்; பின்னாய்வு. வேறு பயிற்சிகளில் இதையே ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த மூன்றாம் திருத்தமோ அந்த நான்கு கட்ட வட்டத்தை மையமாக வைக்காமல், நிஸ்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டகமான சிஎஸ்எஃப் 2.0-இன் ஆறு செயல்பாடுகளோடு பொருத்திவிட்டது. "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எதை மனதில் வைத்துப் பதில் சொல்வது?

பொதியாய்வு:
பார்த்தீர்களா, நான் சொல்ல வந்ததும் இதுதான். புத்தகம் வந்துவிட்டால் கேள்வி எந்த மரபில் நின்று பேசுகிறது என்று தெரிந்துவிடும். பீட்டா எழுதுகிறவர் அதையும் ஊகிக்க வேண்டும். அறிவைச் சோதிக்கும் தேர்வில் ஊகத்துக்கு மதிப்பெண் போவது எனக்கு உறுத்துகிறது.

நீலஅணி:
எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நேற்று ராப்பணி செய்தது எவ்வளவு நல்ல படிப்பு! மூன்று ஆவணங்களை அருகருகே வைத்து எங்கே மாறுகின்றன என்று கண்டுபிடித்திருக்கிறார். புத்தகம் இருந்திருந்தால் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியிருப்பார். எந்த மரபானாலும் பரவும் கணினிக் கிருமியைக் கட்டுப்படுத்தாமல் மீட்புக்குப் போக முடியாது. வேலையில் அதைச் செய்தவருக்கு அடுத்த படி தெரியும்.

வினாமுனை:
ராப்பணி, நல்ல கேள்விதான். பட்டியலில் படிகளுக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறார்களோ, கேள்வியும் அந்தப் பெயர்களிலேயே பேச வேண்டும். பட்டியலின் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிக் குழப்பினால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். "கேள்வி சரியில்லை" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "எந்தத் திருத்தத்தின்படி என்று சொல்லவில்லை, இதனால் ஆ, இ இரண்டும் சரியாகின்றன" என்று எழுதினால், அந்த ஒரு வரியை வைத்தே கேள்வியைத் திருத்திவிடுவோம். ஆனால் கருத்து எழுதும் நேரமும் தேர்வு நேரத்தில் கழியுமா என்பதைத் தொடக்கத்தில் வரும் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். இது தேர்வுக்குத் தேர்வு மாறும்.

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். நான் படிக்கத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. முழுக் கட்டணம் கட்டும் நிலையில் இல்லை. பீட்டா மலிவு என்பதால் முயற்சி செய்யலாமா அண்ணா? எழுதியவர்கள் எந்தத் தலைப்புகளில் கேள்வி வந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வினாமுனை:
தம்பி, கடைசி வரிக்கு முதல் பதில். யாரும் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது. தேர்வு தொடங்கும் முன் ரகசிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போகிறோம். மீறினால் சான்றிதழையே ரத்து செய்யலாம். வெளியிட்ட பாடத்திட்டப் பட்டியலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

நீலஅணி:
எழுதுங்கள் தம்பி. கட்டணம்தான் நிறையப் பேரை வாசலிலேயே நிறுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பீட்டா தேர்வுகளுக்கு முதல் 300 பேருக்கு 80 விழுக்காடு தள்ளுபடி தருவது வழக்கம். அப்படி ஒரு கதவு திறக்கும்போது, "உனக்கு இன்னும் வயது வரவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பொதியாய்வு:
எனக்கு மனம் வருகிறது, ஏனென்றால் பிறகு என்ன நடக்கும் என்று தெரியும். பீட்டாவை ஒரு முறைதான் எழுத முடியும். எழுதியபின் ரிசல்ட் வரும்வரை அந்தரத்தில் நிற்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் தேர்வு முறையாக வெளியாகி ஏறத்தாழ 10 நாள் கழித்துத்தான் மதிப்பெண் வரும். பீட்டா தொடக்கத்திலேயே எழுதிவிட்டவருக்கு அது மாதக்கணக்கு. அந்த மாதங்களில் அதே பாடத்தைத் தொடர்ந்து படிப்பதா, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதா? மூன்று ஆண்டு அனுபவக்காரருக்கு இது பெரிய தொல்லை இல்லை, அவருக்கு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வேலை தேடும் தம்பிக்கு அந்த நான்கு மாதம்தான் எல்லாமே.

அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. புதிய பதிப்பு வந்த மறுநாளே பழையது செத்துவிடுவதில்லை. செக்யூரிட்டி பிளஸின் புதிய பதிப்பான 701 வந்தது 2023 நவம்பர் 7. பழைய 601 ஓய்வு பெற்றது 2024 ஜூலை 31. கிட்டத்தட்ட ஒன்பது மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடின. 601-க்குப் புத்தகம், பயிற்சித் தேர்வு, எழுதியவர்களின் அறிவுரை எல்லாம் குவிந்து கிடந்தன. எதை எழுதினாலும் சான்றிதழின் பெயர் செக்யூரிட்டி பிளஸ்தான். தம்பி, காசு சேர்த்து, அப்படித் தேய்ந்த பாதையில் நடந்து போங்கள்.

நீலஅணி:
காசு சேர்ப்பது சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தரத்தில் நிற்பதைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. எனக்கு ரிசல்ட் வந்தபோது நான் வேலையில் இருந்தேன்.

வினாமுனை:
நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக்குப் புதுவரவு போன்றவர்கள் வேண்டும். அனுபவசாலிகள் மட்டும் எழுதினால் எல்லாக் கேள்வியும் எளிதாகத் தெரியும், கணக்கு கோணலாகிவிடும். ஆகவே வா வா என்று அழைப்பது எனக்கு வசதி. ஆனால் தேர்வுக்கு நீங்கள் தேவைப்படுவதும், உங்களுக்கு அந்தத் தேர்வு இப்போது தேவைப்படுவதும் ஒன்றல்ல. எங்கள் கணக்குக்காகத் தம்பி நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம்.

புதுவரவு:
புரிந்தது அக்கா. நடப்புப் பதிப்புக்கே படிக்கிறேன். பட்டியலைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இங்கே கேட்கலாமா?

பொதியாய்வு:
தாராளமாக. நெட்வொர்க் பகுதி முழுக்க என்னிடம் கேளுங்கள்.

ராப்பணி:
நான் இடம் பதிந்துவிட்டேன், அடுத்த வாரம் எழுதுகிறேன். செயல்முறைக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளுகிறேன், ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் என்று கோடு. இரவுப் பணி முடித்த காலையில் எழுதாமல், விடுப்பு நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். பொதியாய்வு, உங்கள் 14 நிமிடம் எனக்கு நன்றாக மனதில் பதிந்துவிட்டது.

பொதியாய்வு:
சரி, எழுதுங்கள். உங்களுக்கு அது பொருந்தும், அதை நான் மறுக்கவில்லை. ரிசல்ட் கையில் வரும்வரை ரெஸ்யூமில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.