போட்டிச் சட்டத்துக்கென்று சட்ட நிறுவனம் தேடியவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

மூன்றாவது மாடி:
நேர்காணல் நன்றாகவே போனது. பெரிய நிறுவனம், போட்டிச் சட்டத்துக்கு (கம்பெனிகள் சந்தையில் போட்டியை நசுக்காமல் தடுக்கும் சட்டம்) தனிப் பிரிவு, வேறென்ன வேண்டும்? முடிந்ததும் ஒரு ஜூனியர் என்னை லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டார். "கடைசியாக எப்போது நீங்களே ஒரு வாதத்தை எழுதினீர்கள்?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். பதில் இல்லை. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடியும் அழுத்தினார். சேர்ந்துவிட்டேன். 14 மாதம் ஒரே செகண்ட் ரெக்வெஸ்ட், அதாவது கம்பெனிகள் இணையும்போது அமெரிக்க அதிகாரிகள் கட்டுக்கட்டாகக் கூடுதல் ஆவணங்கள் கேட்பது. யாருடைய மின்னஞ்சல்களையோ படித்து 'தொடர்புடையது', 'தொடர்பற்றது' என்று குறித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தானைப் பார்த்தபோதே புரிந்திருக்க வேண்டாமா?

நடுநிசி:
ஆவணம் படிப்பது அவ்வளவு இளப்பமா? சந்தை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்த மின்னஞ்சல்கள்தான். போட்டியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, எங்கள் கட்சிக்காரரின் விற்பனை மேலாளர் "இவர்களையும் வாங்கிவிட்டால் நாம் வைத்ததுதான் விலை" என்று எழுதியிருந்தார். பார்ட்னரிடம், அதாவது எங்கள் மூத்த வழக்கறிஞரிடம், காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், நெடுநேரம் பேசவில்லை. அதிகாரிகளிடம் ஒப்படைத்தே ஆக வேண்டிய ஆவணம். வாதத்தை அடியிலிருந்து மாற்றினோம். முதல் வரைவு என் கைக்கு வந்தது. உங்கள் குறை ஆவணத்தில் இல்லை, அதை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு கதவு இல்லாததில்.

கைப்பை:
இருவரும் பெரிய இடத்துக்காரர்கள். நான் சேர்ந்தது இந்தச் சட்டத்தை மட்டுமே செய்யும் நான்கு பேர் அலுவலகம். மூன்றாம் மாதம், ஐரோப்பியக் கட்சிக்காரர் ஒருவரிடம் ஐரோப்பிய ஆணையத்தின் திடீர்ச் சோதனை. பார்ட்னர் விமானத்தில். தனியாகப் போனேன். அங்கே நிறுவனத்தின் சொந்த வழக்கறிஞர் தம் குறிப்பேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, "இவை ரகசியம், தொடக்கூடாது" என்கிறார். சம்பளத்துக்கு உள்ளே இருக்கும் வழக்கறிஞருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2010-இல் அக்ஸோ வழக்கிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை அதிகாரிகள் முன்னிலையில் நான் அவரிடம் சொன்னேன். என் தந்தை வயது அவருக்கு. தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு முறை மாறியவர்:
என் கதை என் பெயரிலேயே முடிந்துவிட்டது. சேரப்போகிறவர்கள் கேளுங்கள். பிரிவு இருக்கிறதா என்பதல்ல, அதற்கு வேலை எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். நிறுவனங்களை வாங்கி விற்பதற்கான படிவங்களை நிரப்புவது மட்டும்தான் என்றால், வாங்குவோர் குறையும்போது நீங்களும் சும்மா உட்கார வேண்டியதுதான். வாங்கப்போவதாக அரசிடம் தெரிவித்த பிறகு அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 30 நாள் காத்திருப்பு, ஐரோப்பாவில் ஆய்வின் முதல் கட்டம் 25 வேலை நாள். இந்தக் கெடுவோடு ஓடும் மனம் வேறு, கார்ட்டெல் (போட்டியாளர்கள் ரகசியமாகக் கூடி விலை வைப்பது) வழக்கோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தும் மனம் வேறு. யார் பக்கம் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர் மூன்று மடங்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். அவர்களுக்காக வாதாடும் நிறுவனங்கள் பெரும்பாலும் தனி ரகம். பிறகு, பொருளாதார நிபுணருடன் பேசும்போது ஜூனியர்களையும் உட்கார வைப்பார்களா? இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது மாடி:
ஐயா, நான் கேட்டது பொத்தானைப் பற்றி. நடுநிசி, கதவு இருந்தது. என் பார்ட்னரை அந்த 14 மாதத்தில் இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் லிஃப்டில்.